செம்பியின் வயிறு

செம்பி மறுபடியும் எலியைக் கக்கியிருந்தாள்.

கண்ணாடிப் பெட்டியின் மூலையில், தேங்காய்நார்த் தூளின் மேல், பாதி செரித்த உருண்டை ஒன்று ஈரமாகக் கிடந்தது. அறை முழுக்க வாடை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தாரணி பையைக் கீழே போட்டுவிட்டுக் கையுறையைத் தேடினாள். கையுறை கிடைக்கவில்லை. கடையில் காய்கறி போட்டுத் தந்த பையைக் கையில் மாட்டிக்கொண்டு அதை அள்ளினாள்.

"மாமா, பெட்டில சூடு பாத்தீங்களா இல்லீங்களா?"

"பாத்தேன் புள்ள. முப்பது காட்டுச்சு," என்றான் அவள் கணவன் நவநீதன், கட்டிலில் உட்கார்ந்தபடி.

"அப்பறம் ஏன் கக்குது?"

"அதுகிட்டத்தான் கேக்கோணும்."

அவன் சிரிப்பதற்காகச் சொன்னான். அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. மூன்று வருடமாக அந்தப் பாம்பைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. ஏன் தின்னவில்லை, ஏன் தோல் முழுசாக உரியவில்லை, ஏன் இந்த வருடம் முட்டை வைக்கவில்லை. பெட்டிக்குள் செம்பி கொழுகொழுவென்று சுருண்டு கிடந்தாள். செம்புக் கம்பி நிறத்தில் உடம்பு, முதுகில் அடர்ந்த திட்டுகள். நாக்கை நீட்டி நீட்டிக் காற்றை முகர்ந்தாள். கக்கிய அடுத்த நிமிடமே அடுத்ததைத் தேடுகிறாள் என்று தாரணிக்குத் தோன்றியது.

நவநீதன் கணபதி பகுதியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவன். பம்புசெட் மோட்டார்களுக்கு உள்ளே செம்புக் கம்பி சுற்றுகிற வேலை. தறி மோட்டாரோ மிக்ஸி மோட்டாரோ, கம்பியின் இறுக்கத்தை விரல் நுனியிலேயே அறிந்து சுற்றுவான். ஒரு நாள் பற்றவைப்புக் கோலின் சூடான முனை விரலில் பட்டு, தோல் கருகும் வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தான். வலிக்கவே இல்லை என்றான். அன்றைக்குத் தொடங்கியது ஆஸ்பத்திரி அலைச்சல்.

அவன் உடம்பில் ஒரு புரதம் தப்பாக மடிந்து நரம்புகளில் படிந்துகொண்டிருந்தது. விரலில் ஆரம்பித்து, கால், பிறகு மூச்சு. அதைக் கரைக்க ஒரு வழி இருந்தது. ஊருக்கு வெளியே இருந்த ஆய்வு மையத்தில் டாக்டர் நஸ்ரின் அதை விளக்கினார். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு மனித மருந்துக்குள் வந்தவர். பேசும்போது மேசையில் எதையாவது வரைந்துகொண்டே இருப்பார்.

"படிஞ்சதைக் கரைக்கற மாற்றுப் புரதத்தை ஒரு முட்டையோட மஞ்சள் கருவுல உண்டாக்க முடியும். உங்க மரபணுவுக்குப் பொருந்தற மாதிரி. பாம்பு முட்டை."

"பாம்பா?" என்றான் நவநீதன்.

"கோழி முட்டையில பண்ணக் கூடாதுங்களா?" என்றாள் தாரணி.

"ரொம்ப வருஷம் முயற்சி பண்ணினாங்க. கோழி உடம்பு ரொம்பச் சூடு. அந்தச் சூட்டுல இந்தப் புரதம் சுருண்டு வீணாப் போயிடுது. பாம்பு உடம்பு நாம வெக்கிற சூட்டுலதான் இருக்கும். இது சோளப்பாம்பு, வெளிநாட்டு ஜாதி. விஷம் இல்ல."

"அத நாங்க எதுக்குங்க வளக்கோணும்? நீங்களே வளத்துக் குடுத்தா ஆவாதுங்களா?"

நஸ்ரின் வரைவதை நிறுத்தினார். "இங்கதான் வளர்த்தோம். ஒரு பெட்டியில வந்த கிருமி, ஒரே வாரத்துல எல்லாத்தையும் கொண்டுபோயிடுச்சு. அந்த அறையில அறுபது பேரோட மருந்து இருந்தது. அதுக்கப்புறம் அவங்கவங்க பாம்பு அவங்கவங்க வீட்டுல."

பிறகு சாப்பாட்டு விஷயம். முதலில் ரோமம் முளைக்காத எலிக்குட்டி, வாரம் ஒன்று. பாம்பின் உடம்பில் எது தடித்த இடமோ அதைவிடப் பெரிய இரை கூடாது. உறைந்த எலியை வெந்நீரில் போட்டு உள்ளே வரைக்கும் இளக வைக்க வேண்டும். தின்ற பிறகு இரண்டு நாள் தொடக் கூடாது. வளர வளர எலியின் அளவு கூடும், இடைவெளியும் கூடும். மூன்றாவது வருடம் குளிர்காலத்தில் இரண்டு மாதம் பட்டினி போட்டுக் குளிர்ச்சியில் வைத்து, பிறகு ஆண் பாம்போடு சேர்த்தால் முட்டை.

"ஒரு விஷயம் மட்டும் மனசுல வெச்சுக்குங்க," என்றார் நஸ்ரின். "காட்டுல அடுத்த இரை எப்ப கிடைக்கும்னு பாம்புக்குத் தெரியாது. அதனால குடுத்துக்கிட்டே இருந்தா தின்னுக்கிட்டே இருக்கும். அது பசியாத் தெரியறதை நம்பாதீங்க. சீக்கிரம் வளர்த்தா உடம்பு பெரிசாகும், கருப்பை பெரிசாகாது. கொழுப்புத்தான் சேரும்."

தாரணி தலையாட்டினாள். அவள் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் மேற்பார்வையாளர். அளவு பிசகினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் நரம்பு டாக்டர் சொன்ன இன்னொரு அளவும் அவள் மனசில் இருந்தது. அவன் உயிருக்கு நாலு வருடம். கொஞ்சம் கூடலாம், குறையலாம். பாம்புக்கு மூன்று வருடம் என்றால் மிச்சம் ஒன்றுதான்.

பென்சில் தடிமனில் வந்த குட்டி முதல் மூன்று வாரம் எதையுமே தொடவில்லை. தாரணி இடுக்கியில் எலிக்குட்டியைப் பிடித்து மூக்கருகே ஆட்டினாள், இருட்டில் வைத்தாள், சின்ன டப்பாவுக்குள் இரண்டையும் போட்டு மூடினாள். ஒன்றும் நடக்கவில்லை. "தின்னு சனியனே, தின்னு," என்று ஒரு நாள் அழுதேவிட்டாள். மறுநாள் டப்பாவைத் திறந்தபோது எலிக்குட்டி இல்லை. குட்டியின் வயிற்றில் சின்னதாக ஒரு மேடு. தாரணி ஓடிப்போய் நவநீதனை எழுப்பினாள். அவன்தான் அன்றைக்கு அதற்குச் செம்பி என்று பேர் வைத்தான்.

அதற்குப் பிறகு செம்பி எதையும் மறுத்ததில்லை. வெள்ளிக்கிழமை ஒன்று. தின்று முடித்ததும் தலையைத் தூக்கி இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பாள். அந்தப் பார்வையைத் தாரணியால் தாங்க முடியவில்லை. இவ்வளவு பசி இருக்கிறது, இவ்வளவு எலி ஃப்ரீசரில் இருக்கிறது, நடுவில் என்னத்துக்கு இந்த விதி? ஞாயிற்றுக்கிழமை நவநீதன் பிசியோதெரபிக்குப் போன நேரத்தில் இன்னொன்று கொடுத்தாள். செம்பி வாங்கிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஞாயிறும் கொடுத்தாள். அவனிடம் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்பவன் அவன். எதற்கு வீண் பேச்சு.

செம்பி மளமளவென்று வளர்ந்தாள். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் நஸ்ரின், "நல்ல எடைதான்," என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசிப்பார். தாரணிக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும்.

குளிர்காலம் வந்தது. செம்பியைக் குளிர்ச்சியில் வைத்து எடுத்து, மையத்தில் ஆணோடு சேர்த்தார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. முட்டை மட்டும் வரவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து, ஈரப் பாசி நிரப்பிய முட்டைப் பெட்டியைத் தினமும் திறந்து பார்த்து ஏமாந்தாள் தாரணி. மையத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டால் ஒரு இயந்திரக் குரல், "உங்கள் பாம்பின் நலன் எங்களுக்கு முக்கியம்," என்றது. "எம் புருஷன் நலன்?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள். அந்த வருடம் நவநீதனின் மரப்பு கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது. செருப்பு கழன்று போவதே தெரியாமல் தெருவில் நடந்துகொண்டிருந்தான்.

இப்போது இந்தக் கக்கல். அன்றைக்கு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, செம்பியைத் துணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனாள்.

நஸ்ரின் செம்பியை ஸ்கேன் கருவியின் அடியில் நீட்டிவைத்தார். திரையில் சாம்பல் நிறத்தில் நீளமாக ஒரு உடம்பு.

"கடைசியா எப்ப குடுத்தீங்க?"

"வெள்ளிக்கிழமைங்க. ஒன்னு."

"ஒண்ணுதானா?"

தாரணி காலித் துணிப்பையை மடிக்கத் தொடங்கினாள்.

"அந்த ஒண்ணைக் கக்கிடுச்சுன்னா உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது. இங்க பாருங்க." நஸ்ரின் திரையில் விரல் வைத்தார். "இது ஒண்ணு. முந்தாநேத்துக் குடுத்ததா இருக்கும். இது இன்னொண்ணு. எலும்பு கூடக் கரையல, நேத்தைக்கு உள்ளது. கக்கினதோட சேர்த்தா மூணு. மிச்சம் இருக்கறதெல்லாம் கொழுப்பு. முட்டை வளர இடமே இல்ல."

முந்தாநேற்று ஞாயிற்றுக்கிழமை. அது தாரணிக்குத் தெரியும். நேற்றையது அவள் கொடுத்ததல்ல.

வெளியே வந்து நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் காலியான துணிப்பை. பேர் சகாயமேரி என்றும், மகன் ஜெரோமுக்கு அதே வியாதி என்றும், பத்தொன்பது வயதிலேயே சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான் என்றும் அவராகவே சொன்னார்.

"உங்க பாம்பு முட்டை வெச்சிருச்சுங்களா?"

"வைக்க வந்துச்சு. வெளிய வரல. உள்ளயே அடைச்சுச் செத்துப்போச்சு," என்றார் மேரி. "ஒன்றரை வருஷத்துலயே பெரிசாயிருச்சு. எடை வந்துருச்சேன்னு சேத்து விட்டாங்க. வாரம் ஒன்னுதான் குடுத்தேன்னு டாக்டரம்மாகிட்ட அடிச்சுப் பேசுனேன். பெத்த பையன் நாற்காலில உக்காந்து பாத்துட்டே இருக்கறான். எப்பிடிங்க வாரம் ஒன்னோட நிறுத்தறது?"

உள்ளேயிருந்து செம்பியைப் பையில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கிளம்பும்போது தாரணி மேரியின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பையை அவிழ்க்காமலே கேட்டாள்.

"மாமா, நேத்து செம்பிக்குக் குடுத்தீங்களா?"

நவநீதன் டிவியை நிறுத்தினான். பொய் சொல்ல வராதவன்.

"திங்கக்கிழமையானா ஒன்னு குடுப்பேன்."

"எத்தன நாளா?"

"கடையப் பூட்டுனதுல இருந்து."

"சீக்கிரம் முட்டை வைக்கட்டும்னா?"

"அதெல்லாம் நான் நெனைக்கல புள்ள." அவன் தன் விரல்களைப் பார்த்தான். "நீ காலைல போனா பொழுது சாய வர்ற. இந்தக் கையால ஒரு டம்ளர் புடிக்க முடியல, பட்டன் போட முடியல. இடுக்கியில எலியப் புடிச்சு நீட்டுனா மட்டும் அது வருது. எங்கிட்ட ஒரு உசுரு எதையாவது வாங்கித் தின்னுது. டாக்டர் சொன்னது தெரியும். வாரத்துக்கு ஒன்னு சேத்தியாக் குடுத்தா என்ன ஆயிரப் போகுதுன்னு நெனச்சுட்டேன்."

தாரணிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. உங்கள் உயிருக்காகத்தான் இத்தனையும், அதை நீங்களே கெடுத்துக்கொண்டீர்களே என்று சொல்ல வாயெடுத்தாள். தன் ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள்.

"நானும் குடுத்தனுங்க மாமா. ஞாயித்துக்கிழமை. நீங்க தெரப்பிக்குப் போனப்ப."

நவநீதன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். துணிப்பைக்குள் செம்பி நெளிந்துகொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் கொடுமையாக இருந்தது. நஸ்ரின் இருபது நாளைக்கு ஒரு சின்ன எலி என்று எழுதிக் கொடுத்தார். மெதுவாக இளைக்க வேண்டும், சட்டென்று இளைத்தால் கல்லீரல் தாங்காது என்றார். செம்பிக்கு இது எதுவும் தெரியாது. கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டாள். யார் அறைக்குள் வந்தாலும் தலையைத் தூக்கினாள். தாரணி பெட்டியைப் போர்வை போட்டு மூடினாள். நவநீதன் திங்கட்கிழமைகளில் கூடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஃப்ரீசர் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் மற்றவர், "என்ன எடுக்கற?" என்று கேட்டார். ஐஸ் எடுக்கப் போனவர் கோபித்துக்கொண்டார்.

எதையாவது செய்வதென்றால் தாரணி எவ்வளவு வேண்டுமானாலும் செய்திருப்பாள். செய்யாமல் இருப்பதுதான் அவளால் முடியவில்லை. மரப்பு அவன் முழங்காலைத் தொட்டது. ஒவ்வொரு காலையும் அவன் எழுந்து நிற்கும்போது, இன்றைக்கு விழுவானோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மறுபக்கம் பெட்டிக்குள் ஒரு வாய் திறந்து மூடியது.

குளிர்காலம் முடிந்து ஆணோடு சேர்த்த பிறகு, வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில், செம்பி ஈரப் பாசிக்குள் முட்டை வைத்தாள். பதினொன்று. நவநீதன் தரையில் உட்கார்ந்து எண்ணினான். தாரணி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தாள். அந்த வீட்டுக்காரர்களுக்குப் பாம்பு இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மையத்தில் அந்தச் சந்தோஷம் பாதியாகிவிட்டது. ஐந்து முட்டை மஞ்சளாகச் சுருங்கியவை, உள்ளே ஒன்றுமில்லை. ஆறு நல்லவை.

"முழு மருந்துக்குப் பத்து முட்டையாவது வேணும்," என்றார் நஸ்ரின். "இது பாதிக்குக் கொஞ்சம் மேல. நோயை நிறுத்தி வெக்கும். எவ்வளவு நாளைக்குன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. மூணு வருஷம் தாங்கலாம்."

"அடுத்த வருஷம் செம்பியே மறுபடியும்?"

"பார்க்கலாம்," என்றார் நஸ்ரின். "முதல்ல அதை நல்லாச் சாப்பிட வையுங்க. முட்டை வெச்ச உடம்பு. இப்ப எவ்வளவு வேணாலும் குடுக்கலாம்."

ஒரு வருடமாக அவர்கள் இருவரும் காத்திருந்த வார்த்தை அது. வீட்டுக்கு வந்து நவநீதன் எலியை வெந்நீரில் போட்டு, துடைத்து, இரண்டு கையாலும் இடுக்கியைப் பிடித்து நீட்டினான். செம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாளும் அப்படித்தான். சின்ன எலி, பெரிய எலி, குட்டி, இருட்டு, கூடுதல் சூடு. தாரணி முன்பு குட்டிக்குச் செய்த வித்தைகள் அத்தனையையும் செய்தாள். போர்வையை எடுத்தாள், போட்டாள். செம்பி அசையாமல் கிடந்தாள். தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. "ஒரு வருஷமா உசுர வாங்குனயே, இப்ப ஏன் வாயத் தொறக்க மாட்டீங்கற?" என்று தாரணி கத்தினாள். நவநீதன் அவள் கையிலிருந்து இடுக்கியை வாங்கி வைத்தான்.

கல்லீரல் கெட்டுவிட்டது என்றார் நஸ்ரின். இளைத்தாலும் முன்பு சேர்ந்த கொழுப்பு செய்த சேதம் ஆறாது என்றார். செம்பி மூன்றாவது வாரம் செத்துப்போனாள். நவநீதன் மருந்து ஏற்றிக்கொண்டு வந்த நாள் அது. கொல்லை இல்லாத வீடு. மையத்திலேயே எரித்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒரு துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மருந்து வேலை செய்தது. முழங்காலில் நின்ற மரப்பு அதற்கு மேல் ஏறவில்லை. போன விரல்கள் போனவைதான்.

இரண்டு மாதம் கழித்து நஸ்ரின் கூப்பிட்டு அனுப்பினார். நவநீதனின் மரபணுவோடு இன்னொரு குட்டி பொரிந்திருந்தது. இன்றைக்கே எடுத்துப்போனால் மூன்று வருடத்தில் மிச்ச மருந்து.

"எனக்கு வேண்டாமுங்க," என்றான் நவநீதன்.

தாரணி திடுக்கிட்டாள். "என்ன மாமா பேசறீங்க?"

"இன்னொன்னையும் தின்ன வெச்சே கொல்லோணுமா?"

"நீங்க சாவோணுமா? அதச் சொல்லுங்க. நான் என்ன பண்றது, நீங்க போனதுக்கப்பறம்?"

"அம்மா, கொஞ்சம் மெதுவா," என்றார் நஸ்ரின். "இந்தத் தடவ கவனமா இருந்தா..."

"இருக்க மாட்டேனுங்க டாக்டர்," என்றாள் தாரணி. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. "இவருக்குக் கால் கொஞ்சம் தடுமாறுச்சுன்னா போதும், நான் குடுத்துருவேன். இவரும் குடுப்பாரு. எத்தன சொன்னாலும் குடுப்போம். எங்க வீட்டுல இது பொழைக்காது."

அவள் அழுதுகொண்டே நின்றாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நடைபாதையில் சகாயமேரி நின்றிருந்தார். அவர் மகனுக்கும் அன்றைக்கு ஒரு குட்டி தரப் போகிறார்கள். தாரணி மூக்கைச் சிந்திவிட்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"டாக்டர், ஜெரோம் பாம்ப எங்ககிட்டக் குடுங்க. எங்களோடத அந்த அக்கா வளக்கட்டும்."

"அப்படிக் குடுக்கறது வழக்கமில்லையே."

"கூடாதுன்னு இருக்குதுங்களா?"

நஸ்ரின் மேசைமேல் எதையோ வரைந்தார், நிறுத்தினார். "கூடாதுன்னும் இல்ல," என்றார்.

கதவைத் திறந்து மேரியிடம் சொன்னபோது அவர் உடனே சம்மதிக்கவில்லை. மகனின் உயிரை வேறொருவர் கையில் கொடுப்பதா என்று முகம் சுருங்கியது. நவநீதனின் கைகளைப் பார்த்தார். பிறகு, "அளவு தப்பாது, இல்லீங்களா?" என்று கேட்டார்.

"அடுத்தவங்க புள்ளைக்குங்க அக்கா," என்றான் நவநீதன். "தப்புனா உங்க மூஞ்சில எப்பிடி முழிக்கறது?"

அந்த வெள்ளிக்கிழமை தாரணி ஜெரோமின் குட்டிக்கு ஒரு எலிக்குட்டியைக் கொடுத்தாள். முதல் தடவையே வாங்கி விழுங்கிவிட்டுத் தலையைத் தூக்கியது. தாரணி மூடியை வைத்து அழுத்திவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அவ்வளவு சுலபமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியம்.

சாயங்காலம் மேரி போன் செய்தார்.

"உங்க பாம்பு தின்னுருச்சுங்க தாரணி. தயங்கவே இல்ல."

"நல்லதுங்க அக்கா."

"இன்னும் கேக்குது பாத்துக்குங்க. எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்குது. பாவமாத்தான் இருக்குது. ஆனா நான் குடுக்கல."

தாரணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கூடத்தில் நவநீதன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தான். இன்னும் ஒன்றே ஒன்று, குட்டிதானே அக்கா, என்ற வார்த்தைகள் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டன.

"குடுக்காதீங்க," என்றாள்.